இடைப்பொறித் துடியுந்து: சொல்லாக்கம் குறித்து

அன்புடைய குழுமத்தார்க்கு,

வணக்கம். ஊர்திச் சொற்கள் இழையில் காட்பாடி நண்பர் சென்ற வாரம் ஒரு சொல்லை முன்மொழிந்திருந்தார். பின்னிருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பெரிய என்ஜினைப் பொருத்திய சிறிய கார்களை, அதாவது ஆங்கிலத்தில் ‘மிட்-என்ஜின் ஹாட் ஹேட்ச்’ (ஹாட் = சூடு, ஹேட்ச் = மேலெழும் பின்கதவு) எனப்படுபவற்றை, ‘நடு இயந்திர வெப்பக் கதவுக் கார்’ என்று அழைக்கலாம் என்பது அவர் கருத்து. அவர் எந்த வண்டியைச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கிற்று. ஆனால் அந்த வண்டியைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவர் இத்தொடரைப் படித்தால், கதவைத் தொட்டால் கை சுடும் கார் என்றுதான் எண்ணிக்கொள்வார். ஆகவே மாற்றுச் சொல் ஒன்றை, அதற்கான காரணங்களோடு, உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பொருள் என்னவென்று தெளிவாக்கிக்கொள்வோம். நம் தெருக்களில் ஓடும் சிறிய காரில் என்ஜின் முன்னால் பானெட்டுக்குள் இருக்கும். முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும். பின்புறக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே எழும்பும். இதே உடலில் வலுவான என்ஜினை வைத்து விரைவுக்கென ஆக்கிய வகைக்கு, 1976இல் வந்த ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ முன்மாதிரி ஆயிற்று. அதன் என்ஜின் 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். அதுவும் முன்னால்தான் இருந்தது. நாம் பெயர் தேடும் வண்டி அதற்கும் அப்பால் ஓர் அடி எடுத்துவைத்தது. 1980இல் ரெனோ நிறுவனம் தன் ரெனோ 5 காரின் முன்னால் இருந்த என்ஜினை எடுத்து, 1397 சிசி டர்போ (காற்றை அழுத்திச் செலுத்தி வலுவைக் கூட்டும்) என்ஜினாக முன்னிருக்கைகளுக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரங்களை ஓட்டச் செய்தது. மறு ஆண்டே அவ்வண்டியில் ழான் ரக்னோட்டி என்னும் ஓட்டுநர் மான்டி கார்லோ ராலி என்னும் கார்ப் பந்தயத்தை வென்றார். பிறகு பெஜோ 205 டர்போ 16 வந்தது. 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக ராலிப் பட்டம் அதற்கே போயிற்று. அதே காலத்து எம்ஜி மெட்ரோ 6ஆர்4 இன்னும் துணிச்சலானது. கடைத்தெருவுக்குப் போய்வர ஆங்கிலேயர் வாங்கிய சிறிய மெட்ரோ காரின் உடலுக்குள், இருக்கைகளுக்குப் பின்னால், டர்போ இல்லாத 3 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜின் உட்கார்ந்திருந்தது.

இவையெல்லாம் பந்தய விதிகளை நிறைவு செய்யப் பிறந்தவை. பந்தயக் கட்டாயம் ஏதும் இல்லாமல் வந்தது 2001இன் ரெனோ கிளியோ வி6. அதன் என்ஜின் 2946 சிசி. தொடக்கத்தில் 230 குதிரைத்திறன், 2003இல் 255. இவ்வண்டியைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே நிறுவனத்தின் முன்என்ஜின் 2 லிட்டர் கிளியோவைவிட இது ஏறத்தாழ 300 கிலோ கூடுதல் எடை கொண்டது; பின்னிருக்கை இல்லை; திருப்ப அதிக இடம் வேண்டும். கணக்குப் பார்த்து வாங்குபவர் இதன் பக்கமே வரமாட்டார். 2007இல் ஆஸ்திரியாவின் வோர்த்தர்ஸி ஏரிக்கரைக் கூட்டத்துக்கு ஃபோல்க்ஸ்வாகன் கொண்டுவந்த கோல்ஃபோ கணக்கையே கிழித்துப் போட்டது. அதில் இருந்தது 6 லிட்டர் டபிள்யூ12 (பன்னிரண்டு சிலிண்டர்) என்ஜின், 650 குதிரைத்திறன். விற்பனைக்கென்று அது செய்யப்படவேயில்லை.

இவற்றை மக்கள் விரும்புவதற்கு வேகம் காரணமன்று என்பது என் எண்ணம். வேகம் வேண்டுமென்றால் வேறு கார்கள் உண்டு. வீட்டு வண்டியின் முகத்தை வைத்துக்கொண்டு, மனிதர் உட்கார வேண்டிய இடத்தை என்ஜினுக்கு விட்டுக்கொடுத்த அந்த வரம்பு மீறலே கவர்ச்சி. பழைய பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த என்ஜின் மூடியை ஒட்டி அமர்ந்து, வேலூரிலிருந்து திருவண்ணாமலை வரை சூட்டையும் இரைச்சலையும் சேர்த்து வாங்கிய வயதினர் இங்கே சிலராவது இருப்பீர்கள். அந்த அருகாமையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களின் வண்டி இது. நாம் ஆக்கும் சொல்லில் இதன் சாயல் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

இனி, ‘நடு’வா ‘இடை’யா என்பது. என்ஜின் வண்டியின் நட்டநடுவில் இருப்பதில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், பெரும்பாலும் பின் அச்சை ஒட்டி இருக்கிறது. ‘நடு’ என்பது புள்ளியைக் குறிக்கும். ‘இடை’ என்பது இரண்டுக்கு உட்பட்ட வெளியைக் குறிக்கும். எனவே இலக்கணப்படியே ‘இடை’தான் பொருத்தம். அதற்கும் மேலாக ஒரு பொருத்தம் இருக்கிறது. குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும் பெண் சந்து முனையில் சட்டென்று திரும்பிவிடுவாள். தோளில் கம்பு வைத்து இரு முனையிலும் குடம் தொங்கவிட்டவர் அப்படித் திரும்ப முடியாது. சுமை ஒன்றே ஆனாலும், அது சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே திரும்பும் எளிமையைத் தீர்மானிக்கிறது. பள்ளிப் பாடநூல் இதை நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. என்ஜின் என்னும் பெருஞ்சுமையை மூக்கிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்ட வண்டிக்கு ‘இடைப்பொறி’ (பொறி, அதாவது என்ஜின்) என்ற பெயர் தானாகவே அமைந்துவிடுகிறது.

ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்என்ஜின் கார் ஓட்டியவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். ஏற்றத்தில் வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை மிதித்தால், திருப்பவும் இழுக்கவும் ஒருங்கே பாடுபடும் முன்சக்கரங்கள் திணறி, வண்டி வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கும். பின்சக்கரங்களால் ஓடும் இடைப்பொறி வண்டியில் திருப்பும் வேலை முன்சக்கரங்களுக்கும் உந்தும் வேலை பின்சக்கரங்களுக்கும் பிரிந்துவிடுவதால் அந்தத் திணறல் குறைவு. ஆனால் வளைவின் பாதியில் பயந்து காலை எடுத்தால் பின்பாரம் சுழற்றிவிடும். இரு அச்சுகளுக்கும் இடைவெளி குறைந்த இச்சிறு வண்டிகளில் அது எச்சரிக்கையின்றி நிகழும். (கொண்டை ஊசி வளைவு என்பதும் நேர் மொழிபெயர்ப்புதான். வீட்டுக்கு வீடு கொண்டை ஊசி இருந்ததால் நிலைத்துவிட்டது. வெப்பக் கதவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.)

அடுத்து, வண்டியின் வகைப்பெயர். ‘சிற்றுந்து’ என்பதை மினி பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டோம். மேலெழும் கதவைப் பெயரில் கொண்டுவர வேண்டுமானால் பெட்டிக்கடையின் தூக்குத்தட்டி நினைவுக்கு வருகிறது. ‘தூக்குக்கதவு மகிழுந்து’ என்று சாதாரண வகைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வண்டியில் அக்கதவைத் திறந்தால் பைகளுக்குப் பதில் என்ஜின் இருக்கிறது. பெயரிலிருந்து கதவை விட்டுவிடுவதால் இழப்பில்லை. ஆங்கில ‘ஹாட்’ தரும் ‘சூடு’ என்பதற்கு ஈடாக ‘துடி’யை எடுத்துக்கொள்ளலாம். துடியான சாமி, துடியான பிள்ளை என்று இன்றும் சொல்கிறோம். நம் வடாற்காட்டுப் பக்கத்து எருது விடும் விழாவில், பார்வைக்கு மற்ற மாடுகளைப் போலவே இருந்து, விட்டவுடன் குறித்த தூரத்தைக் குறைந்த நொடிகளில் கடந்துவிடும் மாட்டைத் துடியான மாடு என்றால் எல்லாருக்கும் புரியும். துடி, உந்து ஆகிய இரண்டும் உடம்படுமெய் பெற்றுத் ‘துடியுந்து’ ஆகும். ஆக, நம் வண்டி ‘இடைப்பொறித் துடியுந்து’. அளவுக்கு மீறிய என்ஜின் உடையதைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘மிகைப்பொறி’ என்னும் அடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிழையிருந்தால் திருத்துங்கள்.

வேலூரிலிருந்து,
அன்புடன்.

மறுமொழி (இராணிப்பேட்டையிலிருந்து):

ஐயா, வணக்கம். பட்டறைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு கருத்துகள். முதலாவது, மாருதி ஆம்னி. 1984இல் வந்த அந்த வேனில் 796 சிசி என்ஜின் முன்னிருக்கைக்கு அடியில், முன் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, ஓடுவது பின்சக்கரம். என்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டைத் தூக்க வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். உங்கள் இலக்கணப்படி ஆம்னியும் இடைப்பொறிதானே? அதையும் கிளியோ வி6ஐயும் ஒரே சொல்லில் அடக்குவது முறையா? இரண்டாவது, பட்டறையில் ‘பொறி’ என்றால் தீப்பொறிதான், அதற்கடுத்து எலிப்பொறி. ‘என்ஜின்’ என்றே விட்டால் என்ன? மற்றபடி ‘துடியுந்து’ நன்றாக இருக்கிறது.

மறுமொழி (வேலூரிலிருந்து):

ஐயா அவர்கட்கு, வணக்கம். ஆம்னியைக் கொண்டுவந்து என்னை மடக்கிவிட்டீர்கள். அந்தக் கேள்வி சரியானதே. என்ஜின் ஓட்டுநருக்கு முன்னா பின்னா என்று பிரித்தாக வேண்டும். முதலில் ‘முன்னிடைப்பொறி’, ‘பின்னிடைப்பொறி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பின்னிடைதல்’ என்றால் தோற்றுப் பின்வாங்குதல் என்று பொருள். மான்டி கார்லோவை வென்ற வண்டிக்கு அப்பெயரை வைக்க மனம் ஒப்பவில்லை. எனவே அடை ஏதுமில்லாத ‘இடைப்பொறி’ ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பதைக் குறிக்கட்டும். ஆம்னி போன்றவற்றுக்கு மட்டும் ‘முன்னிடைப்பொறி’ என்போம். ஓட்டுநர் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். அவர் காலடியிலிருந்து தொடங்குவதால் முன் என்றே கொள்கிறேன்.

‘பொறி’யை மட்டும் விட்டுத்தர இயலவில்லை. பொறியியல் படித்தவர் ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கும்போது, அவர்கள் படித்த பொறி எது என்று சொல்லாமல் இருக்க முடியாது. பட்டறையில் பேசும்போது என்ஜின் என்றே பேசுங்கள், நானும் அப்படித்தான் பேசுவேன். நம் குழுமச் சொற்பட்டியலில் பின்வருமாறு சேர்க்க ஒப்புதல் கேட்கிறேன்:

இடைப்பொறித் துடியுந்து: சிறு மகிழுந்தின் உடலில், ஓட்டுநருக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னுமாக வலுமிக்க பொறியைக் கொண்ட விரைவு உந்து. எடுத்துக்காட்டு: ‘கிளியோ வி6, மிகைப்பொறி கொண்ட இடைப்பொறித் துடியுந்து.’

காட்பாடி நண்பரும் இதைப் பார்த்துவிட்டால் நல்லது. சொல் தேடலைத் தொடங்கிவைத்தவர் அவரே.