நற்செய்தி நூல்களை எழுதியவர்கள் யார்?

முத்தியால்பேட்டை வாசகி:
ஞாயிறன்று சம்பா கோயில் திருப்பலியில் ‘மத்தேயு எழுதிய தூய நற்செய்தியிலிருந்து வாசகம்’ என்று அறிவித்தபோது, அருகில் நின்ற என் மகன், “அவர்தான் எழுதினார் என்று அந்த நூலிலேயே இருக்கிறதா, அம்மா?” என்று காதோடு கேட்டான். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:
இல்லை, சகோதரி. இயேசுவின் வாழ்வைக் கூறும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்தி நூல்களிலுமே எழுதியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. கிரேக்கத் தலைப்பிலுள்ள ‘கத்தா’ என்பதற்கு ‘இன்னாரின்படி’ என்பதே பொருள். தமிழில் ‘எழுதிய’ என்று சற்றுத் துணிந்துவிட்டோம். நான்கு பெயர்களையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்பவர், 180ஆம் ஆண்டளவில் எழுதிய லியோன் ஆயர் இரனேயு.

கடலூர் முதுநகர் அன்பர்:
மரபையும் எளிதில் தள்ளிவிட இயலாது. மாற்கு, பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்து, நினைவில் நின்றவற்றை வரிசை பாராமல் எழுதினார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே பப்பியாசு என்னும் ஆயர் கூறுகிறார். சிக்கல் மத்தேயுவில்தான்: மாற்கின் 661 வசனங்களில் ஏறத்தாழ 600 அதில் இடம்பெறுகின்றன. இயேசுவுடன் நடந்த திருத்தூதர், பிறர் நூலைப் பார்த்தா எழுதியிருப்பார் என்பதே பல அறிஞர்களின் ஐயம்.

முத்தியால்பேட்டை வாசகி:
இருவருக்கும் நன்றி. லூக்காவின் முதல் நான்கு வசனங்களை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்ததைத்தான் எழுதுவதாக அவரே சொல்கிறார். அவன் இப்போது யோவானைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.