உதவி: வாழை வரிசைக்குள் ஓடும் ரோபோ இடது பக்கமே போய் முட்டுகிறது (அவசரம்)

பேட்டைப்பையன்:
எல்லோருக்கும் வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். களக்காடு பக்கம் மாமா தோட்டத்தில் வாழை வரிசைக்கு நடுவே தானாகப் போகிற சின்ன வண்டி. கேமரா படத்தைப் பார்த்து மாடல் (படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்த ஏஐ புரோகிராம்) திசை சொல்லும். லேப்டாப்பில் 96 சதவீதம் சரியாக வருகிறது. தோட்டத்தில் விட்டால் கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் இடது பக்கம் சாய்ந்து மரத்தில் முட்டி நிற்கிறது. திரும்பி நடுவுக்கு வருவதே இல்லை. வியாழக்கிழமை ரிவ்யூ. யாராவது சொல்லுங்கள்.

மின்கம்பி:
என்ன போர்டு, என்ன மோட்டார், என்ன பாட்டரி? எதுவும் சொல்லாமல் எப்படிச் சொல்வது? என் கணிப்பு பாட்டரிதான். மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கியிருக்கும்.

பொதிகைக்காற்று:
தம்பி, மாடல் கோணத்தை எண்ணாகச் சொல்கிறதா, இல்லை இடது / நேர் / வலது என்று மூன்றில் ஒன்றைச் சொல்கிறதா? டேட்டா எப்படி எடுத்தீர்கள்? டெஸ்ட் படங்களை (பயிற்சிக்குக் கொடுக்காமல் சோதிக்க ஒதுக்கியவை) தனி வரிசையில் எடுத்தீர்களா, ஒரே வீடியோவிலிருந்து பிரித்தீர்களா?

பேட்டைப்பையன்:
போர்டு ராஸ்பெர்ரி பை 4 அண்ணாச்சி, அந்தச் சின்ன கம்ப்யூட்டர். மூன்றில் ஒன்றுதான் சொல்லும். ஜாய்ஸ்டிக்கில் நானே ஓட்டி எடுத்த வீடியோ.

பொதிகைக்காற்று:
கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. சரி, ஒரே வீடியோ என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்தடுத்த பிரேம்கள் கிட்டத்தட்ட ஒரே படம்தான். அதைக் கலைத்துப் போட்டு ஒரு பங்கை டெஸ்டுக்கு எடுத்தால், மாடல் ஏற்கெனவே பார்த்ததையே திரும்பக் காட்டிய மாதிரி. இன்னொன்று, வரிசைக்குள் ஓட்டும்போது பெரும்பாலும் நேராகத்தானே போவோம்? நூறு படத்தில் 96 படம் 'நேர்' என்று இருந்தால், எல்லாவற்றுக்கும் 'நேர்' என்றே சொல்லும் மாடலுக்கும் 96 வந்துவிடும். மூன்று வகைக்கும் தனித்தனியாக எத்தனை சரி என்று எண்ணிப் பாருங்கள்.

பழையமாணவன்:
இந்தக் கேள்வி இங்கே மாதாமாதம் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பொமர்லோ 'ஆல்வின்' என்று ஒரு நியூரல் நெட்வொர்க்கை (உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் புரோகிராம்) வைத்து வண்டி ஓட்டினார். மனிதர் ஓட்டுவதைப் பார்த்துக் கற்க வைத்தபோது அவருக்கும் இதே சிக்கல்தான். நன்றாக ஓட்டுகிறவன் நடுவை விட்டு விலகுவதில்லை, அதனால் விலகினால் எப்படித் திரும்புவது என்று நெட்வொர்க் பார்த்ததே இல்லை. படங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதற்கேற்ற ஸ்டியரிங்கையும் சேர்த்துக் கொடுத்தார். 2016-இல் என்விடியா கம்பெனிக்காரர்கள் தானாக ஓடும் காருக்கு இடது, நடு, வலது என்று மூன்று கேமரா வைத்ததும் இதற்குத்தான். இறுதியாண்டுக்கு வந்த பிறகாவது படியுங்கள்.

பொதிகைக்காற்று:
விஷயம் சரி, கடைசி வரி தேவையில்லை. ராஸ், கார்டன், பேக்னெல் மூவரும் 2011-இல் சொன்ன 'டேகர்' முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. வண்டியை மாடலே ஓட்டட்டும். அது போய்ச் சிக்கும் இடங்களில் 'இங்கே வலது திரும்பியிருக்க வேண்டும்' என்று நீங்கள் குறித்து, அந்தப் படங்களையும் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுங்கள். சும்மா பார்த்துக் கற்பதில் சின்னப் பிழையும் போகப்போக ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

களக்காட்டான்:
எங்க ஊர் வாழைக்கு இவ்வளவு எதற்கு? 6 அடிக்கு 6 அடி நட்டிருக்கு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அல்ட்ராசோனிக் (எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் சென்சார்) வைத்து, தூரம் சமமாக இருக்கும்படி ஓட்டினால் முடிந்தது. ஏஐ என்று பெயர் வைத்தால்தான் மார்க் போடுவார்களோ?

மின்கம்பி:
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் உங்க அல்ட்ராசோனிக் என்னத்தைப் பார்க்கும் வே? அடுத்த வரிசையைப் பார்த்துவிட்டு 'ஆகா, நிறைய இடம் இருக்கு' என்று திரும்பிவிடும். தொங்குகிற சருகில் பட்டால் எதிரொலி ஒழுங்காகத் திரும்பாது.

களக்காட்டான்:
ரீடிங்கைச் சராசரி எடுக்கத் தெரியாதவன் தோட்டத்துக்கே வரக் கூடாது. ஆடிக் காற்றில் இலை ஆடுது, தரையில் நிழல் ஆடுது. போதாததற்கு முட்டு கொடுத்த கம்பு வேறு குறுக்கே சாய்ந்து நிற்குது. கேமரா மட்டும் ஒழுங்காகப் பார்க்குமாக்கும்?

பழையமாணவன்:
இது 1986-லேயே நடந்த சண்டை. அமெரிக்காவின் எம்ஐடியில் ரோபோ ஆராய்ச்சியாளர் புரூக்ஸ், உலகத்தின் முழு வரைபடத்தை உள்ளே கட்டிக்கொண்டிருக்காமல் சென்சாரையும் சக்கரத்தையும் நேராக இணைக்கும் அடுக்குகளாக ரோபோவைக் கட்டச் சொன்னார். அதற்கு முந்தைய ஷேக்கி யோசித்து யோசித்து நகர்ந்த ரோபோ. களக்காட்டான் தெரியாமலே புரூக்ஸ் கட்சியில் நிற்கிறார்.

களக்காட்டான்:
நான் எந்தக் கட்சியிலும் இல்லை. வாழைக்கு அடியில் மேடும் பள்ளமுமாகப் பார்ச்சால் இருக்கே, தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் சக்கரம் வழுக்குமே, அதற்கு உங்க புரூக்ஸ் என்ன சொன்னார்?

சேரன்மாதேவி சிவப்பு:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. ஏன் எப்போதும் இடது பக்கமே? மாடல் குழம்பினால் இரண்டு பக்கமும் அல்லவா போக வேண்டும்? அந்த மஞ்சள் கியர் மோட்டார்தானே? ஒன்றுபோல இன்னொன்று சுற்றாது. ஜாய்ஸ்டிக்கில் ஓட்டும்போது கை தன்னை அறியாமல் லேசாக வலது பக்கம் தள்ளிச் சமன் செய்திருக்கும். அந்த லேசான தள்ளல் 'நேர்' என்றே பதிவாகியிருக்கும். இப்போது மாடல் 'நேர்' என்று சொன்னால் வண்டி இடது பக்கம் போகத்தான் செய்யும். மாடலை எடுத்துவிட்டு, இரண்டு மோட்டாருக்கும் ஒரே அளவு கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

மின்கம்பி:
செங்கல் மேல் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்ற விட்டாலே தெரிந்துவிடும். பாட்டரியையும் அப்படியே அளந்துவிடலாம்.

சேரன்மாதேவி சிவப்பு:
செங்கல் மேல் சுமை இருக்காது, வித்தியாசம் சரியாகத் தெரியாது. சிமெண்ட் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு விடுங்கள். வேகத்தையும் பாருங்கள். வினாடிக்கு அரை மீட்டர் போகிற வண்டிக்கு மாடல் பதில் சொல்ல 0.3 வினாடி ஆனால், பதில் வருவதற்குள் 15 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும்.

பேட்டைப்பையன்:
சிமெண்ட் தரையிலேயே இடது பக்கம் இழுக்கிறது. வலது மோட்டாருக்குக் கொஞ்சம் குறைத்தேன். வண்டியைக் கோணலாக நிறுத்தி எடுத்த படங்களையும் சேர்த்தேன். வரிசையில் முக்கால்வாசி போகிறது. ரிவ்யூவுக்குப் போதும். ரொம்ப நன்றி அண்ணாச்சிகளா.

பொதிகைக்காற்று:
நல்லது. மூன்று வகைக்கும் தனித்தனியாக எண்ணினீர்களா? வலதுக்கு எவ்வளவு வந்தது?

சேரன்மாதேவி சிவப்பு:
பாட்டரி இறங்க இறங்க அந்த வித்தியாசமும் மாறும். முடிந்தால் சக்கரத்தில் என்கோடர் (சுற்றை அளக்கும் சென்சார்) போடுங்கள்.

மின்கம்பி:
பாட்டரி என்று நானும் முதலிலேயே சொன்னேன்.

பொதிகைக்காற்று:
தம்பி, வலதுக்கு எவ்வளவு?