ஸ்ப்ரே அடிச்ச அம்பாசடர் மேல சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சுங்க, காப்பாத்த வழி இருக்கா?

கோவை_குட்டிக்காரு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் இந்த குட்டி வண்டி செய்யற ஹாபிக்கு புதுசு, இதுக்கு முன்னாடி ரெண்டு ஹாட் வீல்ஸ் வண்டிக்கு அடியில இருக்குற ரிவெட்ட டிரில் போட்டு பிரிச்சு வீல் மாத்துனதோட சரி. எங்க தாத்தா ஒரு மில்லு ஓனர்கிட்ட இருபத்தி சொச்சம் வருஷம் டிரைவரா இருந்தவரு, அவரு ஓட்டுனது கருப்பு அம்பாசடர், 92ல எடுத்த வண்டி. இப்ப கண்ணு சரியா தெரியறதில்லைங்க, ஆனா கையில குடுத்தா தடவிப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு. அதனால பொங்கலுக்கு அதே வண்டிய சின்னதா செஞ்சு குடுக்கலாம்னு பொம்மைக் கடையில பின்னாடி இழுத்து விட்டா ஓடுற ஒரு பிளாஸ்டிக் புல்பேக் அம்பாசடர் வாங்கிப் பிரிச்சேன். ஒரிஜினல் வெள்ளை.

போன வாரம் மழை விட்டுவிட்டு தூறிட்டு இருந்துச்சு, நான் பாட்டுக்கு மொட்டை மாடி ஷெட்டுல வெச்சு ஹார்டுவேர் கடையில வாங்குன கருப்பு ஸ்ப்ரேய நேரா அடிச்சிட்டேன். அடிக்கறப்ப கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சுங்க, பத்து நிமிஷத்துல பானட்டும் டாப்பும் விபூதி பூசுன மாதிரி வெளுத்துப் போச்சு. டிக்கி பக்கம் வேற சிலந்தி வலை மாதிரி நைஸா கீறல் கீறலா வந்திருக்கு. இன்னொரு கோட்டு அடிச்சா மறையுமா? இல்ல வேற வண்டி வாங்கணுமா? அப்புறம் இது என்ன ஸ்கேல்னு, அதாவது நெஜ வண்டில எத்தனைல ஒரு பங்குன்னு அட்டையில போடவே இல்ல, முன் வீல் நடுவுல இருந்து பின் வீல் நடு வரைக்கும் அளந்தா 70 மில்லிமீட்டர் வருது.

தின்னர்தினேஷ்:
ப்ரோ சிம்பிள், பஞ்சுல என்.சி. தின்னர் (பெயிண்ட்ட கரைக்குறது) தொட்டு தொடச்சு எடுத்துட்டு மறுபடி அடிங்க. எங்க பட்டறையில அப்படித்தான் பண்ணுவோம்.

பட்டி_பாண்டி:
தம்பி தினேசு, அது தகரத்துக்கு. பிளாஸ்டிக் மேல என்.சி. தின்னர் வெச்சா பெயிண்ட்டோட சேந்து வண்டியும் பஞ்சுல வந்துரும், ஒருதடவை ஒரு கதவையே நான் அப்படி வழிச்சு எடுத்திருக்கேன்யா, அனுபவத்துல சொல்றேன்.

குட்டிக்காரு, உங்களுக்கு நடந்தது ரெண்டு வேற வேற வியாதி. வெளுத்துப் போனதுக்கு காரணம் மழை. லேக்கர் ஸ்ப்ரேல பெயிண்ட்ட கரைச்சு வெச்சிருக்க சால்வென்ட்டு படக்குனு ஆவியாகும்போது அந்த இடம் சில்லுனு ஆகும், சுத்தி காத்துல ஈரம் இருந்தா ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்குற மாதிரி அந்த ஈரம் பெயிண்ட்டு மேல படிஞ்சு உள்ள மாட்டிக்கும், அதுதான் அந்த விபூதி. வெள்ளை வண்டில இது கண்ணுக்கே தெரியாது, கருப்புல தப்பிக்கவே முடியாது. வெறும் வெளுப்பு மட்டும்னா நல்லா வெயில் அடிக்குற ஒரு நாள் பாத்து ரிடார்டர் (மெதுவா காய வைக்குறது) கலந்த தின்னர ஏர்பிரஷ்ங்குற குட்டி ஸ்ப்ரே கன்ல தூரத்துல இருந்து புகை மாதிரி விட்டா மேல் படலம் லேசா இளகி ஈரம் வெளிய போயி கருப்பு திரும்பிரும், நாமளே பாத்து அசந்து போவோம்.

ஆனா டிக்கில வந்த சிலந்தி வலை இருக்கே, அது பெயிண்ட்டுல இல்ல, அடியில பிளாஸ்டிக்கையே கடிச்சிருக்கு. பிரைமர்னு கலருக்கு அடியில அடிக்குற முதல் கோட்டு இல்லாம காரமான சால்வென்ட்ட நேரா அடிச்சா அப்படித்தான் ஆகும். அதுக்கு மேல எத்தன கோட்டு அடிச்சாலும் எட்டிப் பாக்கும். அதனால எல்லாத்தையும் உரிச்சிட்டு முதல்ல இருந்து வாங்க.

உரிக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் ட்ரை பண்ணுங்க, வண்டி முங்குற அளவுக்கு மூடி போட்ட டப்பாவுல ஊத்தி ராத்திரி பூரா போட்டுட்டு காலையில பழைய டூத் பிரஷ்ல தேய்க்கணும். முதல்ல வண்டிக்கு உள்பக்கம் ஒரு மூலையில வெச்சு பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகலையான்னு பாத்துக்கோங்க. இந்த கடை ஸ்ப்ரே சிலது ஆல்கஹாலுக்கு அசையாது, அசையலன்னா விட்டுருங்க, வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டு தேய்க்குற உப்புத்தாள்) இருக்கு. சில பேர் பிரேக் ஆயில்ல ஊறப்போடச் சொல்லுவாங்க, கிட்டு பிளாஸ்டிக்குக்கு ஓகே, பொம்மை பிளாஸ்டிக் சிலது அதுல முறுகிப் போயி ஒடையும், நான் சொல்ல மாட்டேன். அப்புறம் 400, 800 வாட்டர் பேப்பர் தண்ணி தொட்டு போட்டு கீறல இறக்குங்க, பாத்திரம் வெளக்குற லிக்விட்ல கழுவி காய வைங்க, அதுக்கப்புறம் கை ரேகை படக்கூடாது. பிளாஸ்டிக்குக்குன்னு விக்குற கிரே பிரைமர் ரெண்டு மெல்லிசு கோட்டு. பிரைமர் அடிச்சதும் எல்லா கீறலும் காட்டிக் குடுத்துரும், பட்டி வெச்சு மறுபடி தேயுங்க. பொறுமை இருந்தா மூணு ரவுண்டு.

கலருக்கு ஒண்ணு சொல்லிடுறேன். முதல் கோட்டு மூடவே கூடாது, அடியில கிரே தெரியணும். 25 சென்டிமீட்டர் தூரம், வண்டிக்கு வெளிய ஆரம்பிச்சு வெளிய முடிக்கணும், பத்து பதினஞ்சு நிமிஷம் கேப் விட்டு அடுத்தது. கடைசி கோட்டு மட்டும் ஈரமா. ஸ்ப்ரே டப்பாவ வெதுவெதுன்னு தண்ணில அஞ்சு நிமிஷம் வெச்சு எடுத்தா நைஸா வரும். வெதுவெதுன்னா கை வெச்சா சுகமா இருக்கணும், அடுப்புல எல்லாம் வெச்சுடாதீங்க, வெடிச்சிரும். முதல்ல ஐஸ்கிரீம் ஸ்பூன்ல அடிச்சுப் பாருங்க, என் வீட்ல ஐம்பது கருப்பு ஸ்பூனு இருக்கு, வீட்டம்மா பாயாசத்துக்கு எடுத்துட்டு வந்த கதை எல்லாம் உண்டு.

நெல்லை_35:
ஏல அளவ பாத்தியளா? நெசம் அம்பாசடருக்கு வீல்பேஸ், அதான் நீரு அளந்த வீல் டு வீல் தூரம், 2464 மில்லிமீட்டர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்ல இருந்து வந்த 97 இஞ்சு, 2014ல உத்தர்பாரா ஃபேக்டரிய சாத்துற வரைக்கும் ஏறக்குறைய அதான். அத 70ஆல வகுத்தா 35.2. அப்படின்னா உம்ம வண்டி 1/35!

கார் செய்றவனுக்கு 1/24, 1/25, 1/43ன்னுதான் சாமான் கெடைக்கும், 1/35ல டயர் கூட சிக்காதுன்னு பொலம்புவான். ஆனா 1/35 பட்டாளத்து ஸ்கேல்வே. டமியான்னு ஜப்பான் கிட்டு கம்பெனி அந்தக் காலத்துல மோட்டார் பேட்டரி வெச்சு ஒரு டாங்கி செஞ்சுதாம், உள்ள பேட்டரி அடங்கணும்னு உருவான அளவு அது, இன்னைக்கி ஊர் பூரா அந்த ஸ்கேல்ல பொம்மை. ஜீப்பு கிட்டுல உக்காந்து ஸ்டியரிங் புடிச்ச டிரைவர் பொம்மை வரும். ஒண்ணு வாங்கி, தொப்பிய ராவி எறிஞ்சிட்டு எம்-சீல்ல முடி வெச்சு, வெள்ளச் சட்ட காக்கி பேண்டு அடிச்சா தாத்தா ரெடி. ஜீப்புல டிரைவர் இடது பக்கம் இருப்பாரு, நம்ம வண்டிக்கு வலது பக்கம் உக்கார வைக்கணும், முழங்கைய கொஞ்சம் அறுத்து ஒட்டணும், அம்புட்டுதான்.

மீனா_சிங்கை:
நான் சிங்கப்பூர், இங்க வருஷம் பூரா ஈரம்தான், அதனால ஏசி ரூம்ல டிஹியூமிடிஃபையர் ஓடவிட்டு காத்துல ஈரம் 60 சதவீதத்துக்கு கீழ வந்தாதான் டப்பாவையே குலுக்குவேன். ஸ்ப்ரே அடிக்கறப்ப மட்டும் ஜன்னல தொறந்துப்பேன், கரித்தூள் ஃபில்டர் மாஸ்க்கோட. துணி மாஸ்க் தூசிக்குதான், சால்வென்ட் வாசம் நேரா உள்ள போகும். சாமி விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்துல எரியக் கூடாது.

அடிச்சதும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவ கவுத்து மூடி வைங்க, கொசு வந்து உக்காரும். எப்ப காஞ்சுதுன்னு தெரிய மூக்குகிட்ட வெச்சுப் பாருங்க, பெயிண்ட் வாசம் வந்தா இன்னும் காயல. வாசம் போனப்புறம் 2000 பேப்பர், அப்புறம் கார் கம்பவுண்ட் போட்டு பாலிஷ்.

கண்ணாடி ஒட்ட ஃபெவிக்விக் தொடவே தொடாதீங்க! அதோட ஆவி பட்டு கண்ணாடி உள்பக்கம் வெள்ளையா பூத்துரும், அத எடுக்கறது பெரிய கஷ்டம். ஃபெவிகால் போதும், காஞ்சா தெரியாது. ஜன்னல் சுத்தி இருக்கற குரோம் பட்டைக்கு Bare-Metal Foil-னு விக்குற, ஒட்டுற மெல்லிசு உலோகத் தாள ஒட்டி பல்குச்சியால அழுத்திட்டு புது பிளேடால ஒரே இழுப்பு. டெய்ல் லைட்டுக்கு குரோம் மேல டமியா எக்ஸ்-27 கிளியர் ரெட் ஒரு சொட்டு, நெஜ லைட்டு மாதிரியே இருக்கும்.

பட்டி_பாண்டி:
நம்பர் பிளேட்ட மறந்துட்டேன். 92 வண்டின்னா சொந்தக் காருக்கு கருப்பு பிளேட்டுல வெள்ளை எழுத்து. இப்ப இருக்க மாதிரி வெள்ளை பிளேட்டு வெச்சீங்கன்னா மில்லு ஓனர் வண்டி டாக்ஸியாயிரும், அப்பெல்லாம் வெள்ளை பிளேட்டு வாடகை வண்டிக்குத்தான். 500க்கு 120 மில்லிமீட்டர் பிளேட்டு 1/35ல 14க்கு மூணரை. ஃபோட்டோ பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, வெட்டுன வெள்ளை ஓரத்த கருப்பு ஸ்கெட்ச்சால தொட்டுவிடுங்க.

கோவை_குட்டிக்காரு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஆல்கஹால்ல போட்டேன், டாப்பும் பானட்டும் உரிஞ்சு வந்துருச்சு, டிக்கிய பேப்பர்லதான் இறக்கணும் போல. வெள்ளை பிளேட்டு தாங்க பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன், நல்ல வேளை. அம்மாகிட்ட கேட்டு ஒரு பழைய ஃபோட்டோ கெடச்சுது, தாத்தா கதவுல சாஞ்சு நிக்கிறாரு, டேஷ்போர்டுல ஒரு பிள்ளையார் இருக்கு. அஞ்சு சென்டிமீட்டர் இருக்கும்னு வெச்சா 1/35ல ஒன்றரை மில்லிமீட்டர் கூட வரலைங்க. தும்பிக்கை எல்லாம் எப்படி செய்யறது?

நெல்லை_35:
தும்பிக்கையா? எம்-சீல ஊசி முனையில கூம்பா உருட்டி மஞ்ச பெயிண்ட் அடியும். மஞ்சப் புள்ளையாரு.