டெப்ரிகேட்: 'தவிர்ப்புரை' சரிவருமா?

வணக்கம் ஐயா,

> டெப்ரிகேட்டட் என்பதற்கு 'வழக்கொழிந்த' போதாதா? ஏற்கெனவே புழங்கும் சொல்தானே.

நம் கணினிச் சொற்பட்டியலுக்கு அது போதாது என்றுதான் நினைக்கிறேன். வழக்கொழிந்ததை யாரும் எடுப்பதில்லை. மென்பொருளில் டெப்ரிகேட் செய்த கூறு இன்னும் ஓடும். "இனிமேல் இதை எடுக்காதீர்கள், பின்னால் வரும் பதிப்பில் இருக்காது" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதற்குத்தான் அந்த வினை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் பைத்தான் நிரல்மொழி பழகுகிறான். நேரத்தைத் தரும் 'யூடிசிநவ்' செயற்கூற்றை (ஃபங்ஷன்) ஓட்டியதும் எச்சரிக்கை வந்திருக்கிறது. 2023இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து அப்படித்தான் வரும். அவன் கையிலிருந்த தமிழ்க் குறிப்பில் 'நீக்கப்பட்டது' என்று போட்டிருந்தது. ஆனால் திரையில் நேரம் சரியாக வருகிறது. தன் கணினியில் இருப்பது பழைய பைத்தான் என்று எண்ணி, இரண்டு முறை அழித்து நிறுவியிருக்கிறான். "நீக்கிட்டாங்கன்னா எப்படிண்ணா ஓடுது?" என்று கேட்டான். தவறு அவனுடையது இல்லை, அந்த ஒரு சொல்லுடையது.

ரூபாய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பரில் 500, 1000 செல்லாது என்றார்கள், அது நீக்கம். 2023 மே மாதம் 2000 நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்த ரிசர்வ் வங்கி, அது சட்டப்படி செல்லும் என்றும் சொன்னது. டெப்ரிகேட் இந்த இரண்டாவது வகை. 1997இல், இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் 4ஆம் பதிப்பு 'சென்டர்' குறிச்சொல்லை வேண்டாம் என்றது; உலாவிகள் இன்றும் அதைக் கண்டால் எழுத்தை நடுவில்தான் வைக்கின்றன.

டெப்ரிகேட்டுக்கு 'விலக்கு' என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நிரல் ஓடும்போது எழும் பிழைநிலையான எக்செப்ஷனுக்கு 'விதிவிலக்கு' வந்துவிட்டதே! 'ஒதுக்கு' நினைவக ஒதுக்கீட்டோடு மோதும். 'தேய்மானம்' டெப்ரிஷியேட்டுக்கு உரியது, அதை விட்டுவிடலாம்.

லத்தீன் மூலத்தில் டெப்ரிகேட் என்பது வேண்டுதல்: தீங்கு விலகட்டும் என்று வேண்டுவது. வேண்டாம் என வேண்டுவது என்றே சொல்லலாம். சொல்வது யாரோ ஒருவர் என்பதால் உரைத்தல் உள்ளே இருக்க வேண்டும். பரிந்துரைக்கு எதிர்ப்பக்கமாகத் 'தவிர்ப்புரை' என்கிறேன். பரிந்துரைத்தார்கள், தவிர்ப்புரைத்தார்கள், பெயராகவும் வினையாகவும் வளைகிறது. "இச்செயற்கூறு 3.12இல் தவிர்ப்புரைக்கப்பட்டது" என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். இடம் குறுகிய பட்டியல்களில் 'தவிர்க்க' என்று மட்டும் போடலாம். முழுச்சொல் விளக்கத்தில் இருக்கட்டும்.

ஒலி உறுத்தினால் சொல்லுங்கள் ஐயா. சொற்பட்டியலை வெள்ளிக்கிழமை வரை மூடாமல் வைத்திருக்கிறேன்.