எறும்பு மாதிரி பூச்சி: செயலி சொன்ன பெயர் சரியா? இங்கிலாந்து இனம் பொங்கோலில் இருக்குமா?

பொங்கோல்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் பொங்கோலில் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வார விளக்கடியில் ராத்திரியானால் சின்னப் பூச்சிகள் வந்து விழுகின்றன. முக்கால் சென்டிமீட்டர் நீளம். தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் நீலமாக மின்னும் பட்டை, பிறகு மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. ஓடும்போது வாலைத் தூக்குகிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) “செமுட் காயாப்” என்கிறார், எறும்பு வகையாம். தொடக்கநிலை 5 படிக்கும் மகள் பள்ளித் திட்டத்துக்காகப் படமெடுத்துப் பூச்சிப் பெயர் சொல்லும் செயலியில் போட்டாள். பெடரஸ் ஃபஸ்கிபெஸ் என்று வந்தது. ஆனால் 1826இல் ஓர் ஆங்கிலேயர் பெயரிட்டது என்று இருக்கிறது, வரைபடத்தில் ஐரோப்பா முழுக்கப் புள்ளிகள். செயலி தப்பாகச் சொல்கிறதா? எந்தக் குடும்பம் என்று எழுதச் சொல்வது?

தெம்பனிஸ் அக்கா:
தம்பி, முதல்ல பிள்ளையைக் கையால தொட விடாதீங்க. அது கடிக்காது, கொட்டாது. ஆனா தோல்மேல நசுங்கினா அதோட ரத்தம் பட்டு, ஒரு நாள் கழிச்சு தீக்காயம் மாதிரி கோடா எரியும். மேல உட்கார்ந்தா ஊதி விடுங்க. நசுங்கிட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க, அந்தக் கையால கண்ணைத் தொடக்கூடாது. கொப்புளம் வந்தா பலதுறை மருந்தகத்துல காட்டிடுங்க.

வண்டுநேசன்:
அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். இது எறும்பு இல்லை, வண்டு. எறும்புக்கு இடுப்பு நூலாக ஒடுங்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கும். இதில் இரண்டும் இல்லை. அந்த நீலப் பட்டைதான் முன்சிறகு. பெரும்பாலான வண்டுகளில் முதுகை முழுக்க மூடும் அந்தக் கெட்டி ஓடு இந்தக் குடும்பத்தில் குட்டையானது. பறக்கும் சிறகு அதனடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

குடும்பம் ஸ்டாஃபிலினிடே, துணைக்குடும்பம் பெடரினே, பேரினம் பெடரஸ். விலங்குலகின் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று இது, 60,000க்கும் மேற்பட்ட இனங்கள்.

செயலி காட்டிய வரைபடமும் பொய்யில்லை. 1826இல் ஜான் கர்ட்டிஸ் பெயரிட்டார் என்றால் அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் அவர் என்றுதான் பொருள். பூச்சியின் சொந்த ஊர் அதுதான் என்று ஆகாது. பிரிட்டிஷ் தீவுகளில் தொடங்கி மத்திய ஆசியா வழியாக ஜப்பான் வரை, தென்கிழக்கே ஆஸ்திரேலியா வரை இந்த ஒரே இனம் பரவியிருக்கிறது. நன்றாகப் பறக்கும், ஈர மண் போதும். நெல்வயலில் பயிரை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. விளக்கைக் கண்டதும் வீட்டுக்குள் வருவதுதான் தொல்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். பெடரஸில் அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள், பல இதே ஆரஞ்சு, கறுப்பு, நீலம்தான். இனத்தை உறுதிசெய்ய ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். படத்தை வைத்துப் பேரினம் வரை தைரியமாக எழுதலாம். இனப்பெயருக்குப் பக்கத்தில் “இருக்கலாம்” என்று மகள் எழுதட்டும்.

பொங்கோல்வாசி:
ரொம்ப நன்றி! நைரோபி ஈ என்று படத்தோடு பரப்புகிறார்களே, அதுவும் இதுதானா என்று கேட்கிறாள்.

வண்டுநேசன்:
நல்ல கேள்வி. அது ஈயும் இல்லை, இதே பேரினம்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பெயர் எக்சிமியஸ், சபேயஸ் என்ற வேறு இனங்களுக்கு. தோலை எரிக்கும் பொருள் பெடரின். 1953இல் இத்தாலியில் பவான், போ என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தது ஃபஸ்கிபெஸ் வண்டிலிருந்துதான். அதைத் தயாரிப்பது வண்டுக்குள் வாழும் பாக்டீரியா, பெரும்பாலும் பெண் வண்டுகளிடம்தான் அது இருக்கும். இதைத் திட்டத்தில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் அக்கா:
தாழ்வாரத்துப் பக்கம் ஜன்னலை ராத்திரி மூடிடுங்க, படுக்கையை ஒரு தடவை உதறிட்டுப் படுங்க. செத்த பூச்சியையும் டிஷ்யூவால எடுங்க, அதுலயும் விஷம் இருக்கும்.