சாண்டா யினெஸில் பழைய குதிரைப் பண்ணை விலைக்கு வந்தால்: பார்த்தவர்கள் சொல்வது

பத்திரமும் வரியும் பார்ப்பவர்:

கலிபோர்னியாவின் சாண்டா யினெஸ் பள்ளத்தாக்கில் நூறு ஏக்கர் நிலம், பழைய மர லாயம், ஓரமாகக் கொஞ்சம் திராட்சை என்று ஒரு பண்ணை விலைக்கு வரும். எல்லோரும் முதலில் லாயத்து வாசலில் போய் நிற்கிறார்கள். தயவுசெய்து முதலில் வில்லங்கம் பாருங்கள். டைட்டில் ரிப்போர்ட்டில் (நில உரிமை, வில்லங்க அறிக்கை) 'வில்லியம்சன் சட்டம்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 1965இல் வந்த சட்டம் இது. நிலத்தை விவசாயத்துக்கே வைத்திருப்பதாகக் கவுண்டியோடு, அதாவது அங்கத்திய மாவட்ட நிர்வாகத்தோடு, ஒப்பந்தம் போட்டால் நிலவரி குறையும். ஒப்பந்தம் குறைந்தது 10 ஆண்டு; வருடா வருடம் தானாக ஒரு வருடம் கூடிக்கொண்டே போகும். நிலம் கைமாறினாலும் ஒப்பந்தம் நிலத்தோடு வரும். வேண்டாமென்றால் புதுப்பிக்கவில்லை என்று அறிவித்துவிட்டு மிச்ச ஆண்டுகளை ஓட்ட வேண்டும். இடையிலேயே ரத்து செய்ய நிலத்தின் சந்தை மதிப்பில் 12.5 சதவீதம் கட்டணம், அதுவும் கவுண்டி சம்மதித்தால்.

சிக்கல் எங்கே என்றால், மாடு மேய்ச்சலும் திராட்சையும் விவசாயக் கணக்கில் வரும். அடுத்தவர் குதிரையைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வதும் சவாரிப் பள்ளியும் வராமல் போகலாம். உங்கள் திட்டத்தைக் கவுண்டித் திட்டத்துறையிடம் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விற்பவர் காட்டும் வரி ரசீதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு என்ற வரிச் சட்டத்தின்படி, வரிக்கான சொத்து மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கைமாறிய அன்று அது விற்ற விலைக்குத் தாவிவிடும். ஒப்பந்தம் இல்லாத சொத்து 50 லட்சம் டாலர் என்றால் அடிப்படை வரியே ஆண்டுக்கு 50,000 டாலர்.

கிணறு பார்ப்பவர்:

குதிரை குடிக்கிற தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. ஒன்றுக்கு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர். முப்பது குதிரைக்கும் 1,200 லிட்டரில் முடிந்துவிடும். குதிரைக்காக வளர்க்கும் பச்சைப் புல்தான் கிணற்றை வற்றடிக்கிறது. இங்கே தண்ணீரை ஏக்கர்-அடியில் அளப்பார்கள்; ஒரு ஏக்கர்-அடி சுமார் 12.3 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் திராட்சைக்கு ஆண்டுக்கு ஒன்று போல இருந்தால் போதும். ஒரு ஏக்கர் பாசனப் புல்வெளி மூன்று, நான்கு கேட்கும். விளம்பரப் படத்தில் ஆகஸ்ட் மாதத்திலும் மேய்ச்சல் பச்சையாக இருந்தால் முதலில் பம்பு ஓட்டிய மின்கட்டண ரசீதைக் கேளுங்கள்.

நான்கு மணி நேரப் பம்பு சோதனை போதாது. மழை முடிந்த ஏப்ரலில் செய்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். செப்டம்பர், அக்டோபரில், குறைந்தது 24 மணி நேரம் ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று இரண்டையும் குறிக்க வேண்டும். ஆய்வகத்தில் நைட்ரேட், ஆர்சனிக், போரான் மூன்றும் கட்டாயம். போரான் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் திராட்சை இலையின் விளிம்பு கருகத் தொடங்கும். 2014இன் நிலத்தடி நீர்ச் சட்டப்படி உள்ளூர் முகமையின் விதிகளும் உண்டு. கிணறு ஆற்றோர வண்டலில் இருந்தால் அந்தத் தண்ணீர் ஆற்றுநீராகவே கருதப்படலாம். அப்போது மாநில நீர் உரிமை வேண்டும்.

திராட்சை பார்ப்பவர்:

இந்தப் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடப்பதால் கடல் மூடுபனி நேராக உள்ளே வரும். மேற்கே சாண்டா ரீட்டா ஹில்ஸில் பினோ நுவார் திராட்சை வகை. கிழக்கே வெயில் கூடிய ஹேப்பி கேன்யனில் கபர்னே சாவின்யோன் வகை. அதனால் நிலம் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதே பழத்தின் விலையைத் தீர்மானிக்கிறது.

செப்டம்பரில் கொடி முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தால் வாங்க வருகிறவர்கள் மயங்கிப் படம் எடுக்கிறார்கள். கருந்திராட்சை வகைகளில் அது பெரும்பாலும் லீஃப்ரோல் அல்லது ரெட் பிளாட்ச் வைரஸ். நோயில்லாத கொடியில் இலை மஞ்சளாகித்தான் உதிரும். வரிசை வரிசையாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பிடுங்கி மறுபடி நட்டால் விளைச்சலுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஓடைக்கரை வரிசைகள் மட்டும் பட்டுப்போய், இலை உதிர்ந்தும் காம்பு கொடியிலேயே நின்றால் அது பியர்ஸ் நோய். அதைப் பரப்பும் பூச்சி கரைப் புதரில் வாழ்கிறது.

குதிரையும் திராட்சையும் சேர்ந்த பண்ணையில் பெரிய ஆபத்து லத்தியில் இருக்கிறது. ஒரு குதிரை நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல் போடும்; அதை மக்கவைத்துக் கொடிக்கு இடுவதுதான் எல்லோருடைய ஆசையும். மேய்ச்சலில் மஞ்சள் நட்சத்திர முட்செடியை ஒழிக்க அமினோபைரலிட், குளோபைரலிட் என்ற களைக்கொல்லிகளை அடிப்பார்கள். அடிக்காமலும் முடியாது, குதிரை அந்தச் செடியை மாதக்கணக்கில் தின்றால் மூளை கெட்டு, வாயை அசைத்து மெல்ல முடியாமல் போய்விடும், மருந்து இல்லை. ஆனால் அந்தக் களைக்கொல்லி புல்லிலிருந்து குதிரை வயிறு வழியாக அப்படியே லத்திக்கு வந்துசேரும். மக்கவைத்தாலும் எளிதில் அழியாது. திராட்சை அதைத் தாங்காது; இலை கிண்ணம்போல் சுருளும். உரத்தை மண்ணோடு கலந்து தொட்டியில் பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். இலை சுருண்டால் கொடிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெளியிலிருந்து வாங்கும் உலர்புல்லுக்கும் இதே சோதனைதான்.

லாயம் பார்ப்பவர்:

மேலே திராட்சைக்காரர் சொன்ன பீன்ஸ் சோதனையை நானும் வழிமொழிகிறேன்.

பழைய லாயத்தில் தூண் மேலே உறுதியாகத்தான் தெரியும். மண்ணைத் தொடும் அடிக்கட்டையில் கூர்மையான ஊசியைக் குத்திப் பாருங்கள். லேசாக இறங்கினால் அது உளுத்தது. 1978க்கு முந்தைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். பலகை கடிக்கும் பழக்கமுள்ள குதிரைக்கு அது விஷம். அறை 12க்கு 12 அடி இருக்க வேண்டும். பழைய வேலைக்குதிரைக் கட்டுத்தறிகள் இதைவிடக் குறுகல். முள்கம்பி எங்கே இருந்தாலும் முழுக்க எடுத்துவிடுங்கள், காலைக் கிழித்துவிடும்.

வேலியோரம் அரளி இருக்கும். நம் ஊரில் பூவுக்கு வளர்க்கும் அதே அரளியைத்தான் கலிபோர்னியாவில் மறைப்புக்கு வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஒரு கைப்பிடி இலையே ஒரு குதிரையைக் கொல்லும். காய்ந்த இலைக்கும் அதே விஷம் என்பதால், வெட்டிப்போட்ட கிளை ஒன்றுகூடப் பண்ணையில் கிடக்கக் கூடாது.

காட்டுத்தீ ஆபத்தும் உண்டு: தீக் காப்பீடு கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ். தனியார் நிறுவனங்கள் கைவிட்டால் மிஞ்சுவது ஃபேர் பிளான் என்ற கடைசிப் புகலிடக் காப்பீடு. அதில் வீட்டுக்கு உச்சவரம்பு 30 லட்சம் டாலர், பெரிய பண்ணை வீட்டுக்கு எட்டாது. கட்டிடத்தைச் சுற்றி 100 அடி புதர் நீக்கியிருக்க வேண்டும். சோனோமா கவுண்டியில் 1899இல் கட்டிய ஃபவுண்டன்குரோவ் வட்ட லாயம் 2017 அக்டோபர் தீயில் முழுக்கப் போய்விட்டது. நுழைவுப் பாலம் தீயணைப்பு வண்டியின் எடையைத் தாங்குமா, நீள டிரெய்லர் பின்வாங்காமல் திரும்ப இடம் உண்டா என்று நேரில் ஓட்டிப் பாருங்கள். ஒரே வழிதான் இருந்தால், அண்டை நிலத்தின் வழியே வெளியேறும் உரிமையை எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணமும் பத்திரமும் நடுநிலையாளரிடம் இருக்கும் காலம்) முடிவதற்குள் பதிவு செய்துகொள்ளுங்கள்.