காது நரம்பைத் தூண்டும் வலி ஆய்வில் அம்மாவைச் சேர்க்கலாமா?

குலசேகரத்து மகள்:
பல ஆண்டுகள் அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை பார்த்த என் அம்மாவுக்கு மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் ஒற்றைத் தலைவலி இருக்கிறது. வலி வந்தால் சன்னலைச் சாத்திவிட்டு, நெற்றியில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். மாத்திரைகளால் வயிறும் கெட்டுவிட்டது. திருவனந்தபுரத்தில் அவரைப் பார்க்கும் மருத்துவர், காதில் மின்முனை பொருத்தி நரம்பைத் தூண்டும் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார். குலுக்கல் முறையில் சிலருக்குப் போலித் தூண்டல்தான் கிடைக்குமாம். வலியில் துடிப்பவருக்குப் போலியைக் கொடுப்பது நியாயமா?

தக்கலை பிசியோதெரபிஸ்ட்:
சகோதரி, காதுத்துளைக்கு மேலே உள்ள குழிவான பகுதிக்கு, மூளைத்தண்டிலிருந்து இதயம், வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை வருகிறது. அங்கே தோலின் மேல் சிறு மின்துடிப்பைக் கொடுத்தால், அந்தச் செய்தி மூளைத்தண்டுக்குச் சென்று, வலியை அடக்கும் பாதைகளையும் எட்டும் என்பதே இந்த ஆய்வுகளின் அடிப்படை. காதுமடலின் நுனிச்சதைக்கு வேகஸ் வராததால், பல ஆய்வுகளில் போலித் தூண்டலை அங்கேதான் கொடுக்கிறார்கள்.

உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒப்பீடு இல்லாமல் எதையும் நம்ப முடியாது. ஜெர்மனியில் நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ள 46 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு நொடிக்கு 25 துடிப்புகளும், ஒப்பீட்டுக்காக மற்றக் குழுவுக்கு நொடிக்கு ஒரே துடிப்பும், நாளொன்றுக்கு 4 மணி நேரம் வீதம் மூன்று மாதம் கொடுத்தார்கள். முடித்தவர்களைக் கணக்கிட்டபோது, 28 நாட்களில் தலைவலி நாட்கள் முதல் குழுவில் சராசரியாக 3.3-உம், ஒரே துடிப்பு பெற்ற குழுவில் 7-உம் குறைந்திருந்தன. தூண்டலே பெறாத குழு அதில் இல்லாததால், அந்தக் குறைவில் எவ்வளவு கருவியால் வந்தது, எவ்வளவு நம்பிக்கையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. போலிக் குழு வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

குழித்துறை வாசகர்:
எங்கள் பக்கத்து ஆசான்மார் காதுப் பக்க வர்மங்களைத் தடவிக் கொடுப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் மின்தூண்டல் அதுவேதான் என்று சொல்லி இணையத்தில் விற்கும் காது கிளிப்புகளை வாங்கிவிடாதீர்கள். நாடித்துடிப்பு குறைந்தவர்களையும் பேஸ்மேக்கர் வைத்தவர்களையும் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. கடையில் வாங்கும்போது அதைக் கேட்பார் யாருமில்லை.

நாகர்கோவில் மருந்தாளுநர்:
அக்கா, சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் அதுவே தலைவலியை உண்டாக்கலாம். ஆகவே எந்த நாளில் வலி, எந்த மாத்திரை, எத்தனை என்று அம்மாவுக்காக இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மருத்துவருக்கு அது உதவும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-இல் அந்த ஆய்வின் பதிவு எண்ணைத் தேடி, எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். ஆய்வு முடிந்ததும் போலிக் குழுவினருக்கு உண்மையான தூண்டல் கிடைக்குமா, ஆய்வின்போது இப்போதைய மருந்தை நிறுத்தச் சொல்வார்களா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். அம்மா எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

குலசேகரத்து மகள்:
நன்றி. மருந்தை நிறுத்துவது பற்றி நான் கேட்கவே இல்லை. பதிவு எண்ணையும் படிவத்தையும் வாங்கி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, முடிவை அவரிடமே விடுகிறேன்.